இதய வடிவ வெண்ணெய் பிஸ்கட்: காதலர் தினத்துக்கும் மணநாளுக்கும் வீட்டில் சுடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எத்தனையோ பிஸ்கட் இருக்கிறது. எதைச் செய்தால் இதயம் இதயமாகவே வெளியே வரும்?

ஷார்ட்பிரெட். ஸ்காட்லாந்து வீடுகளின் பழைய வெண்ணெய் பிஸ்கட் இது. சர்க்கரை 1 பங்கு, வெண்ணெய் 2 பங்கு, மாவு 3 பங்கு, எல்லாம் எடைக் கணக்கு. முட்டை கிடையாது, பேக்கிங் பவுடர் கிடையாது, சோடா கிடையாது. பொங்க வைக்கும் பொருள் எதுவும் இல்லாததால் வெட்டிய கோடு வெட்டியபடி நிற்கும். நான்கட்டாயும் சாக்லேட் சிப் குக்கியும் ருசியில் குறைந்தவை அல்ல. ஆனால் அவை அடுப்பில் பரவவும் வெடிக்கவும் வேண்டிய பிஸ்கட்டுகள். அவற்றை இதயமாக வெட்டி உள்ளே வைத்தால் வட்டமாகத் திரும்பி வரும்.

இருவருக்கு எவ்வளவு மாவு போதும்?

கடையில் கிடைக்கும் 100 கிராம் வெண்ணெய் பாக்கெட் ஒன்று கணக்குக்குச் சரியாகப் பொருந்தும். அதற்கு மைதா 135 கிராம், நைசான அரிசி மாவு 15 கிராம், பொடித்த சர்க்கரை 50 கிராம், வெனிலா எசென்ஸ் அரை டீஸ்பூன். ஏலக்காய் விரும்பினால் எசென்ஸை விட்டுவிட்டு கால் டீஸ்பூன் ஏலப்பொடி போடலாம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரண்டுமே தெரியாது. 5 செ.மீ. அகல இதயமாக, 5 மி.மீ. கனத்தில் வெட்டினால் ஏறக்குறைய 25 பிஸ்கட் வரும்.

அரிசி மாவு சேர்ப்பது நம் ஊர்ச் சிக்கனம் என்று நினைக்க வேண்டாம், ஸ்காட்லாந்திலும் அதைத்தான் செய்கிறார்கள். மைதாவுக்கு இழுவை தரும் குளூட்டன் என்ற புரதம் அரிசியில் இல்லை. மைதாவின் இழுவையைக் குறைத்து மொறுமொறுப்பைக் கூட்டுகிறது. இடியாப்பத்துக்கு வறுத்து வைத்த மாவும் ஆகும், ஆனால் கட்டாயம் சலிக்க வேண்டும்.

சர்க்கரையை மிக்ஸியில் பொடித்து, பிறகு எடை போடுங்கள். பொடிக்காத சர்க்கரை இந்த மாவில் கரையாது. அடுப்பில் அங்கங்கே உருகி ஓரத்தைப் பரத்திவிடும். தராசு இல்லாதவர்கள் கப் அளவில் செய்யலாம் என்றாலும், மைதாவை அமுக்கி எடுத்தால் ஒரு கப்பில் 150 கிராமும் தூவி நிரப்பினால் 120 கிராமும் வரும். இந்த 30 கிராம்தான் ‘போன தடவை நன்றாக வந்தது, இந்தத் தடவை வரவில்லை’ என்பதன் காரணம். சமையலறைத் தராசு வாங்குவது கட்டர் செட் வாங்குவதைவிட உபயோகமான செலவு.

உப்பு போட்ட மஞ்சள் வெண்ணெய்தான் வீட்டில் இருக்கிறது. ஆகுமா?

ஆகும். தனியாக உப்பு சேர்க்காதீர்கள், அவ்வளவுதான். உப்பில்லாத வெண்ணெய் என்றால் இரண்டு சிட்டிகை உப்பு போடுங்கள். உப்பே இல்லாத வெண்ணெய் பிஸ்கட் வெறும் இனிப்பாக இருக்கும், வெண்ணெய் வாசம் மேலே வராது. வீட்டில் கடைந்த வெண்ணெயில் மோர் ஈரம் அதிகம். மெல்லிய துணியில் வைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு எடை போடுங்கள்.

வெண்ணெய்க்குப் பதில் நெய்?

வெண்ணெயில் கொழுப்பு சுமார் 80 சதவீதம், மீதியில் பெரும்பகுதி தண்ணீர். நெய் கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்பு. அதனால் 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் உறைந்த நெய், 3 டீஸ்பூன் குளிர்ந்த பால் என்று மாற்ற வேண்டும். உருகிய நெய்யில் பிசைந்தால் மாவு எண்ணெய் வடியும், உருட்டவே வராது. நெய் பிஸ்கட் வாயில் கரையும், ஆனால் ஓரம் உதிரும். நெய்தான் வேண்டுமென்றால் சின்ன இதயம், 7 மி.மீ. கனம், உள்ளே ஓட்டை வெட்டாத வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாவைப் பிசைவதில் என்ன இருக்கிறது?

பிசையாமல் இருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கை இதில் கெடுதல் செய்யும்.

வெண்ணெயை விரல் அழுத்தினால் குழி விழும் பதத்துக்கு வையுங்கள், பளபளத்து உருகக் கூடாது. சமையலறை 32 டிகிரி என்றால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஊட்டியில் ஒரு மணி நேரம் ஆகலாம். சர்க்கரைப் பொடியைச் சேர்த்து மரக்கரண்டியால் ஒன்றிரண்டு நிமிடம், வழவழப்பாகும் வரை மட்டும் குழையுங்கள். கேக்குக்கு அடிப்பதுபோல் வெளுத்துப் பஞ்சாகும் வரை பீட்டர் ஓட்டினால் காற்று உள்ளே போகும். அந்தக் காற்று சூட்டில் விரிந்து பிஸ்கட்டை உப்ப வைத்து, பிறகு பரத்திவிடும்.

இரண்டு மாவையும் சேர்த்துச் சலித்துக் கொட்டி, விரல் நுனியால் கலந்து, ஒன்றாகக் கூடியதும் நிறுத்துங்கள். உதிரியாகவே இருக்கிறதே என்று பயந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம். கையால் ஒரு பிடி அழுத்திப் பாருங்கள்: பிடி உடையாமல் நின்றால் மாவு சரி. உடைந்தால் ஒரு டீஸ்பூன் பால், அதற்கு மேல் வேண்டியிருக்காது. தண்ணீர் அதிகமானால் மைதாவில் குளூட்டன் பின்னிக்கொள்ளும், சுட்டபின் பிஸ்கட் சுருங்கிக் கெட்டியாகும்.

சென்னை, மதுரை வெயிலில் மாவு கட்டையில் ஒட்டுகிறது, வெட்டினால் தூக்கவே முடியவில்லை.

வெண்ணெய் 32-35 டிகிரியில் உருகிவிடும். நம் சமையலறை பல மாதங்கள் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. அதனால் வெளிநாட்டுச் சமையல் குறிப்பில் ‘உருட்டு, வெட்டு, சுடு’ என்று மூன்று சொல்லில் போகும் இடத்தில் நாம் இரண்டு முறை ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது.

கலந்த உடனே, மாவு மெத்தென்று இருக்கும்போதே, இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்து உருட்டிவிடுங்கள். உருண்டையாக ஃப்ரிட்ஜில் வைத்தால் வெளியே கல்லாகும், நடுவே மெத்தென்றே இருக்கும், பிறகு உருட்டும்போது வெடிக்கும். கனம் ஒரே சீராக வர, மாவின் இரு பக்கமும் 5 மி.மீ. கனமுள்ள இரண்டு மரச்சட்டங்களை வைத்து அவற்றின் மேல் கட்டையை ஓட்டுங்கள். உருட்டிய தகட்டைப் பேப்பரோடு ஒரு தட்டில் வைத்து ஃப்ரிட்ஜில் 30 நிமிடம். பிறகு மேல் பேப்பரை ஒரு முறை உரித்து மறுபடி வைத்து, தகட்டைத் திருப்பி, அடிப் பேப்பரையும் உரியுங்கள். இப்படிச் செய்தால் வெட்டிய துண்டு பேப்பரில் ஒட்டாது.

கட்டரை மைதாவில் தொட்டு நேராக அழுத்தித் தூக்குங்கள், திருகக் கூடாது. வெட்டிய துண்டுகளை ட்ரேயில் அடுக்கி ஃப்ரீசரில் 15 நிமிடம் வைத்து, அங்கிருந்து நேரே சூடான அடுப்புக்குள். இந்தக் கடைசிப் பதினைந்து நிமிடத்தைத் தாண்டிப் போகிறவர்கள்தான் ‘பரவிவிட்டது’ என்கிறார்கள். துண்டு கெட்டியாக உள்ளே போனால், வெண்ணெய் உருகி ஓடுவதற்குள் மாவு இறுகத் தொடங்கிவிடும்.

வெட்டியது போக மிஞ்சிய மாவை ஒரு முறை சேர்த்து உருட்டலாம். மூன்றாம் முறை உருட்டியது கடினமாக வரும், அதைச் செய்தவர் தின்னலாம்.

இதய வடிவக் கட்டர் இல்லை.

தடித்த அட்டையை இரண்டாக மடித்து அரை இதயம் வரைந்து வெட்டுங்கள், விரித்தால் இரு பக்கமும் ஒத்த வடிவம். அட்டையைப் பட்டர் பேப்பரில் சுற்றி மாவின் மேல் வைத்து, கூர்மையான சின்னக் கத்தியால் ஓரத்தைக் கீறி எடுங்கள். மாவு நன்றாகக் குளிர்ந்திருந்தால் கட்டரைவிடச் சுத்தமாகவே வரும். வரையும்போது அடி முனையை மிகக் கூர்மையாக்காதீர்கள். கூரான முனை மற்ற இடத்துக்கு முன்னால் கருகும், பெட்டியில் அடுக்கும்போது முதலில் உடைவதும் அதுதான்.

ஓடிஜியில் (சின்ன மின்சார ஓவனில்) எந்த ரேக், எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்?

நடு ரேக், மேல் கீழ் இரண்டு ராடும் ஓட, 160 டிகிரி. வைப்பதற்கு முன் 15 நிமிடம் காலியாகச் சூடேற்றுங்கள். 5 மி.மீ. பிஸ்கட் 14-16 நிமிடம், 4 மி.மீ. என்றால் 11-13 நிமிடம். சின்ன ஓடிஜிகளில் டயல் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் பத்துப் பதினைந்து டிகிரி வேறுபடுவது சாதாரணம். எனவே மூன்று துண்டை மட்டும் முதலில் சுட்டுப் பார்த்து உங்கள் அடுப்பின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கன்வெக்‌ஷன் மைக்ரோவேவில் ஃபேன் காற்று வேகமாகக் காய வைக்கும், 150 டிகிரி போதும். கன்வெக்‌ஷன் இல்லாத மைக்ரோவேவில் இந்த பிஸ்கட் வராது, முயற்சி வேண்டாம்.

ட்ரேயில் ஒரே அளவுத் துண்டுகளை மட்டும் வையுங்கள். இதயத்தின் முனைகள் ட்ரேயின் நடுவைப் பார்க்கட்டும், ஓடிஜியின் சுவரோரம்தான் சூடு அதிகம். பத்தாவது நிமிடத்தில் ட்ரேயை முன்பின் திருப்புங்கள்.

வெந்ததா என்பதை மேல் நிறத்தை வைத்துப் பார்க்காதீர்கள். மேலே வெளிர் கிரீம் நிறம், ஓரத்தில் மட்டும் மெல்லிய பொன் கோடு, அடிப்பக்கம் இளம் பொன் நிறம். இதுதான் எடுக்கும் பதம். தொட்டால் மெத்தென்று இருக்கும். வேகவில்லையோ என்று திரும்ப உள்ளே வைப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. ஆறும்போது வெண்ணெய் உறைந்து தானே இறுகும். ட்ரேயிலேயே 10 நிமிடம் விட்டு, பிறகு கம்பி வலைக்கு மாற்றுங்கள். சூட்டில் தூக்கினால் முறியும்.

ஓவனே இல்லை. அடுப்பில் செய்ய முடியுமா?

முடியும். ஒரு தடவைக்கு ஆறேழு பிஸ்கட்தான் வரும். அடி கனமான வாணலி அல்லது இட்லிக் குண்டானில் கல் உப்பை ஓர் அங்குலம் பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்து மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் சூடாக்குங்கள். பிஸ்கட் அடுக்கிய தட்டை உள்ளே வைத்து, தீயை முழுக்கக் குறைத்து, மூடியை ஒரு நூலிடை விலக்கி வையுங்கள். முழுக்க மூடினால் மாவின் ஈரம் ஆவியாகி மூடியில் திரண்டு பிஸ்கட் மேல் சொட்டும். 20-25 நிமிடம் ஆகும். மேலே நிறமே வராது, அடி சிவந்தால் எடுத்துவிடுங்கள். பிரஷர் குக்கரில் செய்கிறவர்கள் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும். ஆனாலும் தண்ணீரில்லாமல் நீண்ட நேரம் சூடேற்றுவது குக்கருக்கு நல்லதல்ல, பழைய குண்டானே மேல்.

சுட்டபின் தெரியும் கோளாறுகளுக்குக் காரணம் என்ன?

பரவியிருந்தால் மாவு குளிரவில்லை, அல்லது அடுப்பு காயவில்லை. சர்க்கரையைக் கூட்டியிருந்தாலும் பரவும். கடினமாக இருந்தால் அதிகம் பிசைந்திருக்கிறீர்கள் அல்லது அதிக நேரம் சுட்டிருக்கிறீர்கள். தொட்டாலே உதிர்ந்தால் மைதா குறைவு, இல்லையேல் வெண்ணெய் சரியாகக் கலக்கவில்லை.

அடி கருகி மேல் வெளுத்திருந்தால் ட்ரேயைச் சந்தேகியுங்கள். ஓடிஜியோடு வரும் கறுப்பு ட்ரே சூட்டை அதிகம் இழுக்கும். பட்டர் பேப்பர் போட்டு, ஒரு ரேக் மேலே ஏற்றுங்கள். பிஸ்கட் மேலே சின்னச் சின்னக் கொப்புளம் வந்தால் குழைக்கும்போது காற்று புகுந்திருக்கிறது. ஃபோர்க்கால் இரண்டு இடத்தில் குத்திவிட்டுச் சுட்டால் வராது.

நடுவில் ஜாம் தெரியும் ‘ஜன்னல்’ பிஸ்கட் செய்வது எப்படி?

ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரப் பெயரைத் தாங்கிய பிஸ்கட் வகை இது. அங்கே பெரும்பாலும் ரெட்கரண்ட் ஜாம். நமக்குக் கிடைப்பதில் ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி நன்றாக இருக்கும். மிக்ஸ்டு ஃப்ரூட் ஜாமும் மோசமில்லை, நிறம்தான் கொஞ்சம் மங்கல்.

மாவை 4 மி.மீ. ஆக உருட்டி இதயங்களை வெட்டுங்கள். பாதியின் நடுவில் மட்டும் சின்ன இதயமோ வட்டமோ வெட்டி எடுங்கள், பாட்டில் மூடி போதும். ஓட்டைக்கும் ஓரத்துக்கும் இடையே எங்கும் 1 செ.மீ. இருக்கட்டும், குறைந்தால் முறியும். ஓட்டை உள்ள துண்டுகள் ஒரு நிமிடம் முன்னதாகவே வெந்துவிடும், தனி ட்ரேயில் சுடுவது நல்லது.

ஜாமை அப்படியே தடவக் கூடாது. 4 டேபிள்ஸ்பூன் ஜாம், 1 டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, சின்ன வாணலியில் இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விட்டு, கரண்டியிலிருந்து மெதுவாக விழும் பதத்துக்கு வற்ற வைத்து ஆற விடுங்கள். ஈரம் குறைந்த ஜாம் பிஸ்கட்டை உடனே நமக்க விடாது. ஓட்டையுள்ள துண்டின் மேல் மட்டும் ஐசிங் சர்க்கரையைச் சலித்துத் தூவி, ஜாம் தடவிய அடித்துண்டின் மேல் வையுங்கள். சேர்த்தபின் தூவினால் ஜாம் வெளுத்துப்போகும். ஒரு பிஸ்கட்டுக்கு அரை டீஸ்பூன் ஜாமுக்கு மேல் வேண்டாம். சேர்த்த அன்று மொறுமொறுப்பு, மறுநாள் மெத்தென்று, மூன்றாம் நாள் சுகமில்லை.

இயற்கையான ரோஸ் நிறம் வேண்டும். பீட்ரூட் சாற்றை மாவில் கலக்கலாமா?

மாவில் வேண்டாம். பீட்ரூட்டின் நிறமி சூட்டில் சிதைந்து செங்கல் பழுப்பாகிவிடும், சாற்றின் தண்ணீர் மாவையும் கெடுக்கும். ஐசிங்கில் கலந்தால் அருமையான நிறம்: சலித்த ஐசிங் சர்க்கரை 100 கிராம், பீட்ரூட் சாறு 1 டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு 1 டீஸ்பூன், பால் சேர்த்தால் திரிந்துவிடும் என்பதால் மீதிக்குத் தண்ணீர், அதுவும் சொட்டுச் சொட்டாக. எலுமிச்சை நிறத்தைப் பிடித்து வைக்கும். கரண்டியிலிருந்து விழும் நாடா பத்து எண்ணுவதற்குள் கலந்து மறைந்தால் பரப்புவதற்கான பதம், மறையாமல் நின்றால் எழுதுவதற்கான பதம். பன்னீர் ஒரு சில துளி போதும். அரை டீஸ்பூனைத் தாண்டினால் கல்யாண வரவேற்பு மேஜை வாசம் வந்துவிடும்.

ஐசிங் காய 6-8 மணி நேரம் ஆகும். ஈரக்காற்றுள்ள கடலோர ஊர்களில் ஃபேனுக்கு அடியில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்ததும் வியர்த்து நிறம் ஓடும்.

பெயரைத் தமிழில் எழுதலாமா? எழுத்து உடைந்துவிடுகிறது.

மாவில் ஓட்டையாக வெட்டினால் உடையும். ‘ஒ’, ‘ஞ’, ‘ஷ’ போன்ற எழுத்துகளில் சுழிக்குள் இருக்கும் மாவு தனியே கழன்று விழும். ஐசிங்கால் எழுதுவதே வழி. பைப்பிங் பை இல்லையென்றால் பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி நுனியை 1 மி.மீ. வெட்டுங்கள். எழுதும்போது நுனியைப் பிஸ்கட்டில் உரசாமல் சற்றே உயர்த்திப் பிடித்தால் நூல்போல் விழும், வளைவுகள் சுத்தமாக வரும். 5 செ.மீ. இதயத்தில் நான்கைந்து எழுத்துக்கு மேல் கொள்ளாது. நீண்ட பெயர் என்றால் பிஸ்கட்டுக்கு ஓர் எழுத்தாக எழுதி வரிசையாக அடுக்குங்கள். புள்ளிகளைக் கடைசியில் வையுங்கள். மெய்யெழுத்தில் புள்ளி விட்டுப்போனால் பெயரே மாறிவிடும், மணநாளன்று அது வேண்டாத பேச்சு.

ரப்பர் எழுத்து அச்சு வைத்து அழுத்துபவர்கள், அச்சில் எழுத்து தலைகீழ்க் கண்ணாடி வடிவத்தில் இருக்கிறதா என்று முதலில் மிஞ்சிய மாவில் பார்த்துக்கொள்ளவும்.

பிஸ்கட்டில் பெயர் எழுதிக் கொடுப்பது இப்போது வந்த பழக்கமா?

இல்லை. வட குரோஷியாவில் லிசிட்டார் என்ற சிவப்பு நிற இதய பிஸ்கட்டைக் காதல் பரிசாகவும் திருமணப் பரிசாகவும் கொடுப்பது பழைய வழக்கம். சிலவற்றின் நடுவில் சின்னக் கண்ணாடிகூடப் பதித்திருக்கும். அந்தக் கைத்தொழிலை யுனெஸ்கோ 2010-ல் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஜெர்மனித் திருவிழாக்களிலும் ஐசிங்கில் காதல் வரி எழுதிய மசாலா பிஸ்கட் இதயங்களை நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

பாதியைச் சாக்லேட்டில் முக்கினால் கையில் ஒட்டுகிறது.

கொக்கோ வெண்ணெய் உள்ள அசல் டார்க் சாக்லேட்டை உருக்கி அப்படியே முக்கினால் பளபளப்பும் வராது, இறுகவும் செய்யாது. 45-50 டிகிரிக்கு உருக்கி, 27-28-க்கு இறக்கி, மறுபடி 31-32-க்கு ஏற்ற வேண்டும். தெர்மாமீட்டரும் பொறுமையும் உள்ளவர்கள், ஏசி அறையில், செய்யலாம். மற்றவர்களுக்குக் காம்பவுண்ட் சாக்லேட்: வேறு தாவரக் கொழுப்பில் செய்தது, உருக்கி முக்கினால் தானே இறுகும். ருசி ஒரு படி குறைவுதான். எதுவானாலும் பாத்திரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழக் கூடாது, சாக்லேட் திரண்டு மணல்போல் ஆகிவிடும்.

கோதுமை மாவு, நாட்டுச் சர்க்கரை?

மைதாவில் பாதியைக் கோதுமை மாவாக மாற்றினால் நல்ல வறுத்த வாசம் வரும். பால் 2 டீஸ்பூன் கூடுதலாகத் தேவைப்படும். முழுக்க மாற்றினால் அது வேறு பிஸ்கட், டைஜஸ்டிவ் வகை. நாட்டுச் சர்க்கரை ஈரம் இழுக்கும், பிஸ்கட் சீக்கிரம் சிவக்கும், ஓரமும் கொஞ்சம் விரியும். பெயர் எழுதும் பிஸ்கட்டுக்கு வெள்ளைச் சர்க்கரையே சரி.

எத்தனை நாள் முன்னால் தொடங்குவது?

உருட்டிய தகட்டைப் பேப்பரோடு சுற்றி ஃப்ரிட்ஜில் இரண்டு நாள், ஃப்ரீசரில் ஒரு மாதம் வைக்கலாம். முந்தின நாள் காலை சுட்டு, மாலை ஐசிங் எழுதி, இரவு முழுக்கக் காய விட்டு, அன்று காலை ஜாம் சேர்ப்பது வசதியான கணக்கு. ஐசிங் இல்லாத பிஸ்கட் முழுக்க ஆறியபின் எவர்சில்வர் சம்படத்தில் இறுக மூடினால் பத்து நாள் தாங்கும். சூட்டோடு மூடினால் ஒரே இரவில் நமத்துவிடும். நமத்ததை 140 டிகிரியில் 5 நிமிடம் வைத்தால் மீளும், ஆனால் ஜாமும் ஐசிங்கும் இல்லாததற்கு மட்டும்.

ரகசியமாகச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று: வெண்ணெய் சுடும் வாசம் வீட்டில் சில மணி நேரமாவது நிற்கும். பெட்டியை ஒளிக்கலாம், அதை ஒளிக்க முடியாது.

வெளியூரில் இருப்பவருக்குக் கூரியரில் அனுப்பலாமா?

ஜாமும் சாக்லேட்டும் வேண்டாம். 6-7 மி.மீ. கனத்தில் சுட்ட வெறும் பிஸ்கட் அல்லது நன்றாகக் காய்ந்த ஐசிங் பிஸ்கட் மட்டும். இரண்டிரண்டாக முதுகோடு முதுகு சேர்த்துப் பட்டர் பேப்பரில் சுற்றி, டப்பாவில் படுக்க வைக்காமல் நிறுத்தி அடுக்குங்கள். மேலிருந்து வரும் எடை படுத்திருக்கும் பிஸ்கட்டை முறிக்கும். டப்பாவை ஆட்டினால் சத்தம் வரக் கூடாது, வந்தால் இன்னும் பேப்பர் திணியுங்கள். முதல் முறை அனுப்புகிறீர்கள் என்றால் பெறுபவருக்கு கோதுமை (மைதா), பால் ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிட்டே செய்யுங்கள். பரிசு என்பதால் வேண்டாம் என்று சொல்லத் தயங்குவார்கள்.

சுடும்போது கரண்ட் போய்விட்டால்?

கதவைத் திறக்காதீர்கள். பத்து நிமிடம் தாண்டியிருந்தால் உள்ளே இருக்கும் சூட்டிலேயே 10-12 நிமிடம் விட்டால் பெரும்பாலும் வெந்துவிடும். ஐந்து நிமிடத்துக்குள் போயிருந்தால் ட்ரேயை எடுத்து ஆற வைத்து ஃப்ரீசரில் போட்டு, கரண்ட் வந்தபின் அடுப்பை மறுபடி முழுக்கச் சூடேற்றிச் சுடுங்கள். ஓரம் லேசாக மழுங்கியிருக்கும். அவற்றை ஜாமுக்கு அடித்துண்டாக வைத்துக்கொள்ளலாம்.